தமிழில் யோசிக்க விடுங்கள்

சேர்வராயன் மலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

நான் ஏற்காட்டில் குடியிருப்பவள். அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழை திருத்திக் கொடுப்பது என் தொழில். அது ஊருக்குத் தெரிந்திருப்பதால், வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளும் கல்லூரியில் சேரக் கடிதம் எழுதும் பிள்ளைகளும் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். காபி எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள், ஒண்டிக்கடை அருகே கடை போட்டிருப்பவர்களின் பிள்ளைகள். பெரும்பாலும் உங்களிடம் படித்தவர்கள், அல்லது படித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுடைய ஆங்கிலத்தைப் படித்துப் படித்து எனக்கு உறுதிப்பட்டுவிட்ட ஒன்றை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

வகுப்பில் நீங்கள் அடிக்கடி சொல்வதாகப் பிள்ளைகள் என்னிடம் ஒப்பிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதாதே." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனாலும் தயவுசெய்து இதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதே மலையில் 1917-இலிருந்து மான்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. இங்குள்ள கான்வென்ட்களுக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் காதே இலக்கணம். தப்பான இடத்தில் ஒரு சொல் விழுந்தால் ஏன் என்று தெரியாமலே அதற்கு உறுத்தும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் காது வாய்க்கவில்லை; அதன் காதில் இருப்பது தமிழ். அந்தத் தமிழையும் ஒதுக்கிவைத்துவிட்டு யோசி என்றால் எதைக் கொண்டு யோசிக்கும்? கோனார் நோட்ஸைத்தான் மனப்பாடம் செய்யும். செய்துகொண்டிருக்கிறது.

ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, வாசலில் வைக்க ஆங்கிலத்தில் ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு வரி: "வீ ஸெல் காபி பீன்ஸ் டு டூரிஸ்ட்ஸ் ரோஸ்டட் இன் அவர் ஹவுஸ்."

ஆங்கிலம் அறிந்தவர் இதைப் படித்தால் வறுபடுவது காபிக்கொட்டை இல்லை, டூரிஸ்ட். சிரிப்பார்கள். அவளுடைய பலகையைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. அவள் மனதில் இருந்த தமிழ் வாக்கியத்தைச் சொல்லச் சொன்னேன். "எங்க வீட்டுல வறுத்த காபிக்கொட்டைய டூரிஸ்ட்டுக்கு விக்கிறோம்." ஒரு குறையும் இல்லாத வாக்கியம். "வறுத்த" என்பது பெயரெச்சம். தமிழில் பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். பின்னால் போக அதற்கு வழியே இல்லை. ஆகவே அதை எங்கே வைப்பது என்ற கேள்வி அவளுக்கு வாழ்நாளில் எழுந்ததில்லை. ஆங்கிலத்தில் இதுபோன்ற நீண்ட அடை பெயருக்குப் பின்னால் வரும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். அதை அவள் மறக்கவில்லை, பின்னால்தான் வைத்தாள். ஆனால் கொட்டைக்கும் வறுத்ததற்கும் நடுவே டூரிஸ்ட் வந்து உட்கார்ந்துகொண்டதை அவள் கவனிக்கவில்லை. "பின்னால்" என்ற பாடம் அவளுக்கு எட்டியிருந்தது. "ஒட்டிப் பின்னால்" என்ற பாதி எட்டவில்லை.

"வறுத்தது எதை?" என்று கேட்டேன். "கொட்டைய." "அப்ப அதைக் கொட்டைக்குப் பக்கத்துல வை." உடனே அவளுக்குப் பிடிபட்டது. "வீ ஸெல் டூரிஸ்ட்ஸ்" என்று அவள் ஆரம்பித்தபோது மட்டும் ஒரு கணம் இருவருமே நிறுத்தினோம், ஏனென்றால் அது டூரிஸ்டை விற்பதாகத் தொடங்குகிறது. கடைசியில் "வீ ரோஸ்ட் அவர் ஓன் காபி அண்ட் ஸெல் இட் டு டூரிஸ்ட்ஸ்" என்று முடித்தோம். அடையே இல்லாமல் இரண்டு வினை. பல நேரங்களில் அடையை நகர்த்துவதைவிட, அதை வினையாக்கிவிடுவதே நல்ல ஆங்கிலம்.

தமிழிலும் இந்தக் குழப்பம் இல்லாமல் இல்லை. மலைப்பாதை ஓரத்தில் "சுத்தமான மலைத் தேன்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுத்தம் மலைக்கா தேனுக்கா? "புதிய மாணவர் விடுதி" என்றால் புதியது மாணவரா விடுதியா? கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள். அடை எதைத் தழுவுகிறது என்ற கேள்வி அவர்களுடைய சொந்த மொழிக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஆங்கிலத்தில் அதே கேள்வி வரும்போது அது அந்நியமாக இருக்காது.

அடுத்தது, இதைவிட அதிகமாக நான் திருத்துவது. "சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஏரி தெரிந்தது" என்பதைப் பிள்ளைகள் இப்படி எழுதுகிறார்கள்: "கமிங் பை பஸ் ஃப்ரம் சேலம், த லேக் வாஸ் ஸீன்." ஏரி பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி மேலே வந்துவிட்டது. உங்கள் புத்தகங்கள் இதைத் தொங்கும் அடை என்று சொல்லும். சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லும். ஏன் தப்பு என்று பிள்ளை கேட்டால், "எழுவாய் மாறிவிட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இங்கேதான் தமிழாசிரியரை அழைக்க வேண்டும். தொல்காப்பியம் வினையியலில் வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லும்போது, செய்து, செய்யூ, செய்பு என்ற முதல் மூன்றும் அந்த வினையைச் செய்தவனுடைய வினையோடுதான் முடிய வேண்டும் என்று விதிக்கிறது. மற்ற எச்சங்கள் செய்தவன் வினையோடும் முடியலாம், வேறொருவர் வினையோடும் முடியலாம். "கண்ணன் வந்து உட்கார்ந்தான்" என்றால் வந்ததும் கண்ணன், உட்கார்ந்ததும் கண்ணன். "கண்ணன் வர, ராணி எழுந்தாள்" என்றால் ஆள் மாறலாம். ஆங்கிலத்தின் "இங்" வடிவத்துக்கு ஐரோப்பிய இலக்கணக்காரர்கள் சொல்லும் விதியும் இதுவேதான். இன்றைய ஆங்கிலம் பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்ட நூலில் நம் பிள்ளைக்கு இந்தப் பாடம் இருக்கிறது!

ஆகவே பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலையில் நிற்கும் "கமிங்", "வாக்கிங்", "ஸீயிங்" எல்லாவற்றையும் "வரும்போது", "நடக்கும்போது" என்று கேட்காதே, "வந்துகொண்டே", "நடந்துகொண்டே" என்று கேள். "சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டே ஏரி தெரிந்தது." ஆறாவது படிக்கும் பிள்ளைக்கும் இது காதில் இடிக்கும். யார் வந்துகொண்டே? ஏரியா? இடித்தால் அங்கே "வென் வீ" போட்டு எழுது. "பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டே காட்டுமாடு குறுக்கே வந்தது": இடிக்கிறது, மாற்று. "பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டே பாட்டுப் பாடினோம்": இடிக்கவில்லை, விட்டுவிடு. தமிழில் யோசித்ததால் வந்த தப்பு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது, தமிழில் சரியான எச்சத்தைப் பிடித்து யோசித்தால் தானே விலகிப்போகிறது.

நம் ஊரை வைத்தே பயிற்சி கொடுக்கலாம். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பணி ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தார். ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். பிறகு "கற்கருவியைக் கண்டெடுத்து ஏற்காடு அவருடைய வசிப்பிடமானது" என்று கரும்பலகையில் எழுதுங்கள். கருவியைக் கண்டெடுத்தது யார் என்று கேளுங்கள். அதற்கப்புறம் அதன் ஆங்கிலத்தை எழுதுங்கள். ஆங்கில வாக்கியத்தில் உள்ள பிழை பிள்ளைக்குத் தமிழ் வாக்கியத்தின் வழியாகத் தெரியும்.

இந்த உத்தி தடுக்கும் இடங்களும் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது. "மழை பெய்து ஏரி நிரம்பியது" என்கிறோம். பெய்தது மழை, நிரம்பியது ஏரி. ஆனாலும் காதில் இடிக்கவில்லை. உரையாசிரியர்கள் இதை எச்சத்திரிபு என்பார்கள்: "பெய்ய" என்று வர வேண்டியது "பெய்து" என்று திரிந்து வந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் மழை என்ற எழுவாயை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இந்த அமைப்பு செல்லும், ஆனால் அது பழைய புத்தக நடை, பிள்ளைகளுக்கு வேண்டாம். இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. "ஏரியைச் சுற்றி நடந்து எனக்குக் கால் வலித்தது." இதுவும் நல்ல தமிழ். பசி, வலி, தூக்கம், பிடித்தல், தெரிதல் எல்லாவற்றையும் நாம் "எனக்கு" என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். நடந்தது அந்த "எனக்கு"க்குள் இருக்கும் நான்தான். ஆங்கிலத்தில் அந்த "எனக்கு" காணாமல் போய், கால் எழுவாயாக வந்து நின்றுகொள்கிறது. கால் தனியாக ஏரியைச் சுற்றுகிறது. தொங்கும் அடைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் முளைக்கிறது என்பது என் அனுபவம். "எனக்கு" என்று தமிழில் வரும் இடத்தில் ஆங்கிலத்தில் "ஐ" என்று தொடங்கிப் பார் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

இது ஏதோ நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை என்று அவர்களை நினைக்க விடாதீர்கள். ஹேம்லெட் நாடகத்தில் தந்தையின் ஆவி தன் சாவைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பழத்தோட்டத்தில் தூங்கியதும் அரசன், கடித்ததாகச் சொல்லப்படுவது பாம்பு. ஷேக்ஸ்பியர் அமைத்த வாக்கியத்தில் இலக்கணப்படி தூங்குவது பாம்புதான். நானூறு வருஷமாக யாரும் அதைத் திருத்தவில்லை, பொருள் அவ்வளவு தெளிவாக இருப்பதால். பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். விண்ணப்பக் கடிதத்தில் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

"ஒன்லி" பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "ஐ ஆம் ஸ்டடியிங் இன் சேலம் ஒன்லி" என்று பிள்ளை எழுதினால், அதன் அடியில் "சேலத்தில்தான் படிக்கிறேன்" இருக்கிறது. நம் "தான்" எந்தச் சொல்லுக்கு அழுத்தம் தர வேண்டுமோ அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். ரவிதான் காபி வாங்கினான். ரவி காபிதான் வாங்கினான். ரவி காபி வாங்கத்தான் செய்தான். மூன்றும் மூன்று சங்கதி, ஒரு பிள்ளைக்கும் குழப்பம் வராது. எழுத்து ஆங்கிலத்தில் "ஒன்லி" பெரும்பாலும் தனக்கு அடுத்து வருவதைப் பார்த்து நிற்கும். இந்த மூன்று வாக்கியத்தையும் தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் "ஒன்லி"யை எங்கே வைப்பாய் என்று கேட்டால் ஒரு பாடவேளை போவதே தெரியாது. ஆனால் பேச்சில் ஆங்கிலேயரே அதை வினைக்கு முன்னால் போட்டுவிட்டுக் குரலால் சரிசெய்துகொள்வார்கள். 1926-இல் வந்த தன் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவ்லர், இதற்காகப் பிறரைக் கண்டிக்கும் இலக்கணக்காரர்களைத்தான் கண்டித்தார். பொருள் மாறாத இடத்தில் அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள்.

இனி மரபுப் பிழைகள். "எனக்கு விளக்குங்கள்" என்பது "எக்ஸ்ப்ளெயின் மீ" ஆகிறது. "கணக்கில் கெட்டி" என்பது "குட் இன் மேத்ஸ்" ஆகிறது. "என் மேல் கோபம்" என்பது "ஆங்க்ரி ஆன் மீ". "சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்" என்பது "ரீச்ட் டு சேலம்". "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பது "டிஸ்கஸ்ட் அபௌட் இட்". இவற்றில் ஒன்றுகூட அலட்சியத்தால் வந்ததில்லை. ஒவ்வொன்றிலும் தமிழ் வேற்றுமை உருபோ சொல்லுருபோ ஒன்று நின்றுகொண்டிருக்கிறது: கு, இல், மேல், பற்றி. பிள்ளை நேர்மையாக அதை மொழிபெயர்த்திருக்கிறது. பிழையின் விலாசம் தெரிந்தால் திருத்துவது எளிது. "டிஸ்கஸ்" என்ற வினை இரண்டாம் வேற்றுமையை எடுக்கும், "விவாதித்தோம்" என்று சொல்லாமல் "அலசினோம்" என்று வைத்துக்கொள் என்று ஒரு பையனிடம் சொன்னேன். "அதை அலசினோம்." அதற்குப் பிறகு அவன் "அபௌட்" போட்டதை நான் பார்க்கவில்லை.

மரபு என்ற கருத்தும் நம்முடையதே. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுவைப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் படிக்கிறார்கள். யானை கத்தியது என்றால் பொருள் புரியும், ஆனாலும் தப்பு. பிளிறியது என்பதே மரபு. ஏன் பிளிற வேண்டும் என்று கேட்டால் பெரியோர் அப்படிச் சொன்னார்கள் என்பதுதான் விடை. "குட் அட்" என்பதற்கும் அதே விடைதான், வேறு காரணம் இல்லை. காரணம் உள்ள விதியையும் காரணம் இல்லாத மரபையும் பிரித்துச் சொல்லிவிட்டால், எதை யோசித்துக் கண்டுபிடிக்கலாம், எதைப் படித்து மனதில் வைக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெளியும்.

வழுவமைதி என்ற ஒன்றையும் நம் இலக்கணம் வைத்திருக்கிறது. பிழைதான், ஆனால் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. "ப்ரீபோன்" என்ற சொல்லைப் பரவலாக்கியவர்கள் இந்தியர்களாகிய நாம். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" நம் நாட்டு அலுவலகத்தில் யாருக்கும் புரியும். இவற்றை நம் ஆங்கிலத்தின் வழுவமைதி என்று சொல்லிக்கொடுங்கள். வெளிநாட்டுக்கு எழுதும்போது மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஆனால் "ஐ ஹாவ் எ டவுட்" என்பதை எச்சரித்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் கேட்கிறேன் என்ற பொருளில் பிள்ளை சொல்வது, வெளிநாட்டவர் காதில் நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்று விழக்கூடும்.

இன்னொரு வேண்டுகோள். ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். மழை என்று தலைப்பு வந்தாலே பூனையும் நாயும் வானத்திலிருந்து விழுகின்றன. ஏற்காட்டில் வளர்ந்த பிள்ளைக்கு மழையைப் பற்றியும் மூடுபனியைப் பற்றியும் சொல்லச் சொந்தமாக எவ்வளவோ இருக்கிறது. "காலையில் பனி இறங்கினால் எதிரில் வரும் பஸ்ஸின் விளக்குதான் முதலில் தெரியும்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். எளிய ஆங்கிலம், ஒரு பிழையும் இல்லை. அந்தக் கட்டுரையில் உயிருள்ள வாக்கியம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் நோட்ஸிலிருந்து வந்தது.

தமிழோடு ஆங்கிலத்தில் தேர்ந்த ஒருவரைச் சொல்கிறேன். வலங்கைமானில் புரோகிதர் வீட்டில் பிறந்த சீனிவாச சாஸ்திரி, சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், 1894-இல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனவர். காந்தியின் சுயசரிதைக்கு மகாதேவ தேசாய் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் 1940 பதிப்பை மொழி நோக்கில் திருத்திக் கொடுத்தவர் அவரே. தன் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு அந்த வேலையைச் செய்தார். இந்த மலையடிவாரத்து ஊரில் கரும்பலகை முன் நின்ற ஒரு தமிழர் அவர். ஆங்கிலத்தில் தேர்வதற்குத் தமிழைக் கழற்றி வைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் இதைச் செய்து பாருங்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தொகாநிலைத் தொடர் என்று ஒரு பாடம் இருக்கிறது. பெயரெச்சத் தொடர், வினையெச்சத் தொடர், வேற்றுமைத் தொடர் எல்லாம் அதில் வரும். தமிழாசிரியர் அதை நடத்தும் வாரத்திலேயே நீங்கள் ஆங்கில அடைகளை நடத்துங்கள். ஒரு பாடவேளையாவது இருவரும் சேர்ந்து வகுப்பில் நில்லுங்கள். பிள்ளைகளை முதலில் தமிழில் வாக்கியம் சொல்ல விடுங்கள், அது அவர்கள் வீட்டில் பேசும் மலைத் தமிழாக இருந்தாலும். பிறகு ஆங்கிலத்துக்கு வாருங்கள். விடைத்தாளில் பிழையை வட்டமிடும்போது பக்கத்தில் அதன் தமிழ் மூலத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எங்கே தடுக்கியது என்று அந்தப் பிள்ளையே காட்டிவிடும்.

நாற்பது ஐம்பது தாள்களோடு மாலையில் உட்காரும் உங்களுக்கு இது கூடுதல் சுமை என்று எனக்குத் தெரியும். அதைப் பகிர்ந்துகொள்ள நான் தயார். பிள்ளைகளின் வாக்கியங்களைப் பெயர் இல்லாமல் எழுதி அனுப்புங்கள்; ஒவ்வொன்றுக்கும் அடியில் இருக்கும் தமிழைக் கண்டு எழுதித் தருகிறேன். எந்தப் பள்ளி கூப்பிட்டாலும், சனிக்கிழமைகளில் வந்து தமிழாசிரியரோடும் உங்களோடும் வகுப்பில் உட்காருகிறேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து, பிழை திருத்துபவள் ஒருத்தி